மோவரும் மூவரும்

பெண்டில் ஹில், சிட்னி

அன்புள்ள அண்ணனுக்கு,

போன வாரம் போனில் "வீட்டுக்கு மோவர் வந்திருக்கு" என்றேன். அம்மா காதில் அது "மூவர்" என்று விழுந்து, "மூணு பேருக்கும் சோறு பத்துமாடா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். வந்தது விருந்தாளி இல்லை, புல் வெட்டும் மெஷின் என்று நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த ஊரில் புல்லுக்கு உரம் போட்டு, தண்ணீர் விட்டு வளர்த்து, வெட்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். நம் தொழுவத்து லட்சுமி பார்த்தால் கண்ணீர் விடும். வாடகை வீடானாலும் வெட்டுவது நம் பாடு. புது மோவர் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அந்த வாரம் தெருவில் கவுன்சில் கிளீனப். வேண்டாத சாமானை எல்லாரும் வாசலில் வைப்பார்கள். அதில் ஒரு பழைய விக்டா மோவர் கிடந்தது. தூக்கி வந்துவிட்டேன்.

விக்டா என்றால் இங்கே நம் டிவிஎஸ் 50 மாதிரி, தெரியாத ஆள் கிடையாது. 1952-ல் இதே சிட்னியில், கன்கார்டில், மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தன் வீட்டுக் கராஜில் செய்தது. முதல் மெஷினுக்கு டேங்க் எது தெரியுமா? காலி பீச் பழ டின்! 2000 ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவிலேயே மோவர்களை இறக்கிக் காட்டினார்கள் என்றால் பாருங்கள்.

இதுவும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றதும் அப்பாவின் சேட்டக் ஸ்கூட்டர் ஞாபகம். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தேன். கயிற்றை இழுத்த இழுப்புக்குத் தேரே நிலைக்கு வந்திருக்கும். சேட்டக்கைச் சாய்ப்பது போலச் சாய்த்தேன், பேன்ட்டெல்லாம் பெட்ரோல். கார்புரேட்டரைப் பிரித்தால் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்திருக்கிறது. ரப்பர் டயாபிரம் அப்பளமாக விறைத்திருக்கிறது. அது அசைந்தால்தானே பெட்ரோல் இறங்கும்?

கடையில் கொடுத்தால் கூலி மெஷின் விலையைத் தாண்டுகிறது. டயாபிரத்துக்காக இன்னொரு செத்த விக்டா வாங்கினேன். அதில் இன்ஜினே நன்றாக இருந்தது, அடித்தட்டுதான் துருவேறி ஓட்டை. இன்ஜினை முதல் மெஷினில் மாட்டலாமென்றால் போல்ட் துளை ஒத்துவரவில்லை. துளை ஒத்துவரும் அடித்தட்டுக்காக மூன்றாவது. கராஜை மூன்றும் பிடித்துக்கொள்ள, கார் இப்போது வெயிலில் நிற்கிறது. "இந்தக் காசுக்குப் புதுசே வாங்கியிருக்கலாம்" என்கிறாள் வீட்டுக்காரி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், உண்மைதான். அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்று கிளம்பிவிட்டது! ஒரே நீலப் புகை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இந்த ஊரில் அதுதான் பரிவட்டம்.

அம்மா காதில் விழுந்தது சரிதான் என்று சொல்லிவிடுங்கள், இப்போது மூவரேதான். சோறு வேண்டாம், 5 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில் கலந்து ஊற்றினால் போதும்.

உங்கள் தம்பி