திருமுகத் திருத்தாளர்

அவருக்கு மனிதத் தோல் பிடிக்காது. மனிதர்களைப் பிடிக்கும், அவர்களுடைய மூக்கு, காது, முன்நெற்றி மயிர் முதலியவற்றின்மீதும் அவருக்கு விரோதம் ஒன்றும் இல்லை, ஆனால் இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும் தோல் என்னும் வஸ்துவை, அதிலும் அதன் நுண்துளைகளை, படைத்தவன் அவசரத்தில் துடைக்க மறந்துபோன அழுக்கு என்றே அவர் நினைக்கிறார். பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், வலக்கையில் மௌஸும் இடக்கையில் ஆறிப்போன தேநீருமாக அவர் வீற்றிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "லைட்டா ஒரு டச் குடுத்துட்டா சூப்பரா வந்துரும் சார்" என்று அவர் சொல்லக் கேட்டும் இருப்பீர்கள்.

படம் பிடிப்பது அவருக்கு வெறும் பூர்வாங்கச் சடங்கு. பிடித்ததைக் கணினியில் ஏற்றி, ஃபோட்டோஷாப்பைத் திறந்து, முகத்தை 300 சதவிகிதம் பெரிதாக்கிக்கொண்ட பின்னரே அவருக்கு ஜீவன் வருகிறது. அந்த அளவில், திரையில் இருப்பது ஒரு தாசில்தாரின் கன்னமா, கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரிப்படுகையா என்று எவருக்கும் தெரியாது. தெரியாததனால்தான், முழுமுகமாகப் பார்க்கையில் கண்ணுக்கே தட்டுப்படாத மயிர்க்கால் ஒவ்வொன்றும் அவருக்கு மகாபாதகமாகத் தோன்றுகிறது. முதலில் பரு போகிறது, அது நியாயம். பருவுக்குப் பின் பருவின் தழும்பு, தழும்புக்குப் பின் மச்சம், மச்சத்துக்குப் பின் சிரிக்கும்போது கடைவாயில் விழும் கோடு, அப்புறம் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் என்று ஒவ்வொன்றாக நாடு கடத்தி, எஞ்சியதன்மேல் பிளரையும் ஒரு பூச்சுப் பூசி, வெண்விழி இரண்டையும் கலப்பற்ற வெள்ளையாக்கிவிட்டு அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சோம்பல் முறிக்கும் வேளையில், அந்த முகத்தில் ஆதியில் இருந்தபடியே மீந்திருப்பது மூக்குக்கண்ணாடி ஒன்றுதான்.

இதை இயல்பாகச் செய்ய வழி இல்லாமல் இல்லை. இரண்டு வாரம் பொறுத்தால் தானே மறைந்துவிடும் பருவையும் கொசுக்கடியையும் நீக்கலாம். ஆயுள் முழுவதும் ஆளோடு வரப்போகும் மச்சத்தையும் தழும்பையும் தொடலாகாது. கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைப் பாதியளவு தணிக்கலாம், அடியோடு துடைத்தால் கண் முகத்தைவிட்டுத் தனியே மிதக்கும். செய்வதையெல்லாம் மூலப்படத்தின்மேல் செய்யாமல் தனி லேயரில் செய்து, கடைசியில் அந்த லேயரின் ஒபாசிட்டியைப் பாதிக்குக் குறைத்து, முழுமுகத்தையும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், திருத்தியவனின் கைவரிசை தெரியாமல் முகம் மட்டும் தெரியும். தோலின் நிறத்தை ஓர் அடுக்காகவும் அதன் சொரசொரப்பை வேறோர் அடுக்காகவும் பிரித்து வைத்துக்கொண்டு, திட்டுத்திட்டான நிறத்தை மட்டும் சமன்செய்துவிட்டுச் சொரசொரப்பை அப்படியே விட்டுவிடும் 'ஃப்ரீக்வென்சி செபரேஷன்' என்ற நுட்பமும் உண்டு. நம் திருத்தாளர் இவை ஒன்றும் அறியாத பாமரர் என்று நினைத்தால் அது அபசாரம். எல்லாம் அவருக்கு அத்துபடி. வேலை பழக வந்த பையனுக்கு இவற்றைத் தாமே உபதேசிக்கிறார். உபதேசித்த கையோடு, அந்தப் பையனின் கண்ணெதிரிலேயே, ஒரு தலைமையாசிரியரின் நெற்றியைச் சுத்தமாக வழித்துவிடுகிறார். பாதியில் நிறுத்துவது அவருக்கு வேலையில் ஏமாற்றுவதாகப் படுகிறது. காசை வாங்கிக்கொண்டு, திருத்தியதே தெரியாமல் திருத்திக் கொடுத்தால், "என்னப்பா செஞ்சே?" என்று கேட்பார்களே என்ற பயம் அது, அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது, ஏனெனில் அப்படிக் கேட்பவர்கள் நாம்தான்.

அவருடைய கலையின் உச்சத்தைக் காண விரும்புவோர் இழவு வீட்டுக்குப் போக வேண்டும். வெயிலில் எண்பது வருஷத்துக்கு மேல் காய்ந்து, நெற்றியில் மூன்று வரிகளும், இளமையில் வண்டி நுகத்தடி பட்டுக் கிழிந்த தழும்பும், வெற்றிலை அடக்கும் கன்னத்தில் ஒரு தொய்வுமாக வாழ்ந்து முடித்த பெரியவர் ஒருவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. பந்தல் வாசலில் அந்த ஃப்ளெக்ஸை நிமிர்த்திக் கட்டியபோது, கவலை என்பதையே அறியாத நாற்பது வயது ஆசாமி ஒருவர், தோற்றம், மறைவு என்ற தேதிகளுக்கு மேலே, தமக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லாததுபோலப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி, "அடப்பாவமே, பெரிய பையனா தவறிட்டான்?" என்று அலறிக்கொண்டே காரிலிருந்து இறங்கினார், அவருடைய கையைப் பிடித்து இறக்கிவிட்டவன் அந்தப் பெரிய பையன்தான். பெரியவரின் மனைவி அதன் எதிரே வெகுநேரம் நின்றுவிட்டு, "யாருடா இந்த ஆளு? எங்க வீட்டுக்காரருக்கு நெத்தியில வெட்டுத் தழும்பு இருக்குமே" என்றாள். செய்தி திருத்தாளரின் காதுக்கு எட்டியபோது அவர் சிறிதும் கலங்கவில்லை. "தழும்பா? ஸ்க்ராட்ச்னு நெனச்சு எடுத்துட்டேன் சார். ஆளு நல்லாத்தானே இருக்காரு?"

பிரான்ஸ் தேசத்தில் 2017 அக்டோபர் 1 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது: விளம்பரப் படத்தில் வரும் அழகியின் உடலமைப்பை மெலிவித்தோ பருக்கவைத்தோ வெளியிட்டால், 'திருத்தப்பட்ட படம்' என்று கூடவே அச்சிட்டாக வேண்டும். அவ்விதி நம் ஊர்ப் பந்தல்களுக்கும் வந்து சேருமானால், தோற்றம், மறைவு என்ற இரண்டுக்கும் கீழே 'திருத்தம்' என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்க்க நேரிடும்.

முகத்தைத் திருத்துவது இவர் கண்டுபிடித்த தொழில் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1855-இல் பாரிஸ் கண்காட்சியில், மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஷ்டேங்கல் என்பவர் ஒரே ஆளின் படத்தைத் திருத்தியும் திருத்தாமலும் அருகருகே வைத்து ஜனங்களைப் பிரமிக்க வைத்தார் என்று புகைப்பட வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அன்று தொட்டு ஃபிலிம் காலம் முடியும்வரை, ஸ்டூடியோக்களில் சாய்வான மேஜை ஒன்று இருந்தது. நடுவே தேய்த்த கண்ணாடி, கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்பும் முகக்கண்ணாடி. அதன்மேல் நெகடிவை வைத்து, பென்சில் பிடிப்பதற்காகப் பிசின் கலந்த தைலத்தை ஒரு தடவு தடவி, உப்புத்தாளில் ஊசிமுனையாகத் தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவார்கள். முகத்தின் சுருக்கம் நெகடிவில் வெளிறிய கோடாக இருக்கும். அதைப் பென்சிலால் அடைத்தால் அச்சில் சுருக்கம் தணியும். ஒரு முகத்துக்கு ஒரு முற்பகல்கூடப் பிடிக்கும். ஆகவே, கண்ணுக்குக் கீழே நாலு புள்ளி, நெற்றியில் பத்துப் புள்ளி என்று வைத்துவிட்டு, கை வலிக்கும்போது நிறுத்திவிடுவார்கள். கைவலியே ஓர் அழகியல் கட்டுப்பாடாக இருந்த காலம் அது. 1990-இல் நோல் சகோதரர்கள் இயற்றிய ஃபோட்டோஷாப் வெளிவந்தது. 2002-இல் வந்த ஏழாம் பதிப்பில், பக்கத்துத் தோலின் இழையை எடுத்து, ஒட்டுமிடத்தின் நிறத்துக்குத் தகப் பொருத்திவிடும் ஹீலிங் பிரஷ் சேர்ந்தது. கை வலிப்பதும் நின்றது.

தோலைத் தவிர அவருக்கு வேறு சில்லறைப் பழக்கங்களும் உண்டு. சட்டை போட்டுக்கொண்டு போனவருக்குக் கோட்டு மாட்டி அனுப்புவார். மேலூரைவிட்டு நகராதவருக்குப் பின்னால் ஊட்டியை நட்டுவைப்பார். பாஸ்போர்ட் அலுவலகத்தில் படத்தைத் தங்கள் காமிராவிலேயே எடுத்துக்கொள்வது இவரை உத்தேசித்துத்தானோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். 4 வயது நிரம்பாத குழந்தைகளுக்கு மட்டும் படம் கொண்டுவரச் சொல்கிறார்கள். அந்த வயதில் இவர் திருத்துவதற்கு என்ன இருக்கப்போகிறது என்ற தைரியம் போலும். இருந்தது. கண்ணேறு படாமலிருக்கக் குழந்தையின் கன்னத்தில் பாட்டி வைத்த திருஷ்டிப் பொட்டை மச்சம் என்று கருதி அவர் குணப்படுத்திவிட்டார்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல மனம் வரவில்லை. கல்யாணத்துக்கு வரன் பார்க்கவென்று ஒரு பெண்ணைப் படம் எடுத்துக் கொடுத்தார். நல்ல மாநிறப் பெண். படத்தில் வெளுத்துப் போயிருந்தாள். "கலர் கொஞ்சம் ஏத்திட்டேன் அண்ணே" என்று தகப்பனாரிடம் பெருமையாகச் சொன்னார். அவரை யாரும் ஏற்றச் சொல்லவில்லை. பழங்காலத்து ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. பழுப்பு நிறத் தோல் உள்ளதைவிடக் கறுத்து விழும். அதைச் சரிக்கட்ட அன்றைய டச்சப்காரர் சற்று வெளுப்பூட்டினார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்றைய காமிரா உள்ள நிறத்தை உள்ளபடியே காண்கிறது. காண மாட்டேன் என்பவர் இவர். பரு ஒரு குறை, கண்மை கலைந்தது ஒரு குறை என்று பட்டியலிட்டவர், பிறந்த நிறத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க யாரிடம் அதிகாரம் பெற்றார்? அந்தப் பெண் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்போ இவளையே கட்டிக் குடுத்துருங்கப்பா" என்று சொல்லிப் படியிறங்கிப் போய்விட்டாள். அவருக்கு அப்போதும் விளங்கவில்லை.

ஆனாலும் அவரை அடியோடு வெறுக்க முடிவதில்லை. பூஞ்சை பிடித்து, இரண்டாக மடிந்து, மடிப்பில் ஒரு கண்ணே உதிர்ந்துபோன பழைய படத்தைக் கையில் பொத்திக்கொண்டு ஒரு கிழவி படியேறி வந்தால், அவர் வேறு மனிதராகிவிடுகிறார். அந்தப் படத்தில் அவர் எதையும் அழிப்பதில்லை. இருக்கிற கண்ணிலிருந்து இல்லாத கண்ணை ஊகித்து, இமைமயிரை ஒவ்வொன்றாக நட்டு, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று மூக்கின் நிழலைக் கொண்டு கணித்து, கடை அடைத்த பிறகும் உட்கார்ந்து செய்கிறார்; முடித்தபின் பிரிண்டுக்கு மட்டும் காசு வாங்குகிறார். இத்தனை பொறுமையும் இத்தனை கண்ணும் உள்ள மனிதர், கிழிசல் இல்லாத முகத்தைக் கண்டதும் ஏன் இப்படி ஆகிவிடுகிறார் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

பந்தலில் நடந்த கூத்துக்குப் பிறகு, பெரியவரின் மகன் அவரிடம் போனான். சதாபிஷேகத்தன்று இவரே எடுத்த படம். வீட்டில் வேறு நல்ல படம் கிடையாது. தாயார் கேட்கிறாள், ஒன்றும் திருத்தாத மூலப்படத்தைக் கொடுங்கள், ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டும் என்று தயவாகவே கேட்டான். திருத்தாளர் கணினியில் கொஞ்ச நேரம் துழாவினார்.

"அது மேலேயே சேவ் பண்ணிட்டேன் தம்பி. டிஸ்க்ல எடம் இல்ல, எதுக்கு ரெண்டு காப்பின்னு விட்டுட்டேன். தழும்புதானே வேணும்? சொல்லுங்க, எந்தப் பக்கம்? நானே ஒண்ணு வச்சுத் தந்துர்றேன்."