காபிக்குப் போகலாமா, பேட்ஜ்?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் பேராசிரியர் அலெக்ஸ் பென்ட்லண்டின் குழு ஒரு பேட்ஜ் தயாரித்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டால் போதும். எதிரே நிற்பது யார் என்பதை அகச்சிவப்புக் கதிர் பார்த்துக்கொள்ளும். உடம்பின் அசைவை இன்னொரு சென்சார் அளக்கும். மைக் குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். என்ன பேசினோம் என்பது அதற்கு வேண்டாமாம். நல்லவேளை, மேனேஜரைப் பற்றித்தானே பேசியிருப்போம்!

இந்த பேட்ஜை ஒரு வங்கியின் கால் சென்டர் ஊழியர்கள் கழுத்தில் தொங்கவிட்டார்கள். அங்கே ஒவ்வொருவராகத்தான் இடைவேளைக்குப் போகவேண்டியிருந்தது. எல்லாரும் எழுந்து போய்விட்டால் போனை யார் எடுப்பது? டேட்டா குவிந்தது, அலசினார்கள், முடிவு வந்தது: தங்களுக்குள் பேசிப் பழக, குழுவில் உள்ள எல்லாரையும் ஒரே நேரத்தில் காபி குடிக்க விடுங்கள். விட்டார்கள். மந்தமான குழுக்களில் ஓர் அழைப்பை முடிக்கும் சராசரி நேரம் 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அந்த வங்கியின் 10 கால் சென்டர்களிலும் இப்படியே செய்தால் ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் அளவுக்கு உற்பத்தித்திறன் கூடும் என்று மேனேஜர் கணக்குப் போட்டதாக, 2012-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் பென்ட்லண்ட் எழுதினார்.

“சார், நாங்க எல்லாரும் சேர்ந்தே காபிக்குப் போயிட்டு வரட்டுமா?” என்று ஊழியர் ஒருவர் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை ஊகிக்கச் சென்சார் தேவையில்லை. வாயால் கேட்டால் சோம்பேறித்தனம். கழுத்துப் பெட்டி சொன்னால் சமூக இயற்பியல். கிண்டல் இல்லை, அந்தப் பெயரில் 2014-ல் பென்ட்லண்ட் புத்தகமே போட்டுவிட்டார்.