அம்மாவிடமே கேளுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 84 வயது, படுத்த படுக்கை. அடக்கத்தைப் பற்றி இப்போதே பேசினால் சொந்தக்காரர்கள் ஏசுகிறார்கள். துபாயில் இருக்கும் தம்பி, தகனம் செய்யலாம் என்கிறான். கத்தோலிக்கர் எரிக்கலாமா?
- ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: ஏசுகிறவர்கள் ஏசட்டும். கல்யாணத்துக்கு ஆறு மாதம் பேசுகிற நாம், அடக்கத்தை ஆறு மணி நேரத்தில் பேசி முடிக்கப் பார்க்கிறோம். சண்டையே அந்த அவசரத்தில்தான் வருகிறது.

தம்பி சொல்வதில் தப்பில்லை. தகனத்துக்கு இருந்த தடையைத் திருச்சபை 1963-லேயே தளர்த்திவிட்டது. ஆனாலும் மண்ணில் அடக்குவதையே விரும்புகிறது. சாம்பலைக் கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும், கரைக்கவோ பிள்ளைகள் பங்கு போடவோ கூடாது என்று 2016-ல் வத்திக்கான் சொன்னது. நகையைப் பங்கு போடுவதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிடும். அம்மாவையாவது முழுசாக விடுங்கள்.

தம்பிக்காகக் காத்திருப்பதானால் எந்த நாள் சரிப்படும் என்று பங்குத்தந்தையிடம் கேட்டு வையுங்கள். பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரையிலும், தவக்கால, திருவருகைக்கால, பாஸ்கா கால ஞாயிறுகளிலும் அடக்கத் திருப்பலி கிடையாது. அந்த நாட்களில் திருப்பலி இல்லாமல் ஜெபத்தோடு அடக்கம் செய்யலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது வேறு. சாமியாரை வீட்டுக்கு அழைத்து நோயில்பூசுதல் கொடுக்கச் சொல்லுங்கள். அதைச் சாவுக்கு முன்னறிவிப்பாக நினைத்து நம் ஊரில் பயப்படுகிறார்கள். நோயாளிக்குத் தெம்பு தரும் அருளடையாளம் அது. நினைவு தெளிவாக இருக்கும்போது பெறுவதே அழகு. பிறகு அம்மாவிடமே கேளுங்கள்: எந்த வாசகம், எந்தப் பாட்டு, அப்பா கல்லறைக்குப் பக்கத்திலா? எந்தச் சேலை என்பதில் உங்களைவிட அவர் தெளிவாக இருப்பார்.