முப்பது மில்லி வாழ்க

கள்ளக்குறிச்சிப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு விஷயத்தில் குறையே கிடையாது. மாடு காலை ஊன்றாமல் படுத்துக்கொண்டாலும், மடி வீங்கிக் கல்லானாலும், தீவனம் எடுக்காமல் காதைத் தொங்கப் போட்டாலும் ஊசி வந்துவிடும். 1962-க்குப் போன் போட்டு டாக்டர் வருவதற்குள், ஊருக்குள்ளேயே ஊசி போடும் அண்ணன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். கல்வராயன் மலையில் வண்டி ஏறாத ஊருக்குப் பையோடு நடந்தே போகிற அண்ணன்மாரும் உண்டு. என்ன படித்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் மாடு எழுந்து நின்று பால் கொடுத்தால் அதுவே அவருக்குப் பட்டம்.

இந்தப் பரிவின் உச்சமாக விளங்கியது டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி. அந்த மருந்தின் தாராள மனத்தை நாம் இன்னும் சரியாகப் பாராட்டவில்லை என்றே நினைக்கிறேன். மற்ற மருந்துகள் போட்ட மாட்டோடு கணக்கை முடித்துக்கொள்ளும். இதற்கு அப்படிப்பட்ட குறுகிய புத்தி இல்லை. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்துவிட்டால், இறைச்சியில் தங்கியிருந்து, அதைத் தின்ன வரும் பாறுக் கழுகுகளுக்கும் பந்தி வைக்கும். விருந்துண்ட பாறின் சிறுநீரகம் வேலையை நிறுத்தும். கழியாத யூரிக் அமிலம் ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பாகப் படியும். சில நாளில் பறவை கிளையிலிருந்து விழும். ஒரு குப்பியில் இரண்டு உயிர்களுக்கு நிம்மதி.

சிக்கனத்தைப் பாருங்கள். நூறு பிணங்களில் ஒன்றில்கூட இந்த மருந்து இருக்கத் தேவையில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு செத்த மாட்டைச் சுற்றிப் பத்து இருபது பாறுகள் கூடி உட்காருவதால் வந்த வசதி இது. வெண்முதுகுப் பாறு 1992-இல் ஆயிரம் இருந்த இடத்தில், 2007-இல் ஒன்று இருந்தது. தோட்டா செலவில்லை, வலை விரிக்கவில்லை, வேட்டைக்காரர் யார் மீதும் வழக்கு இல்லை. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை வேறு. இலங்கை வேந்தனுக்கு ஒரு சடாயுவை வீழ்த்த வாள் தேவைப்பட்டது. பத்துத் தலை, இருபது கை, சிவன் தந்த வாள் என்று எத்தனை ஆடம்பரம்! நாம் ஒரு மடிவீக்க ஊசியில் கோடிக்கணக்கான சடாயுக்களை அனுப்பிவைத்தோம். அதுவும் அவற்றோடு பகை ஏதும் இல்லாமலே.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைச் சோற்றுக்கு வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறுகளும் இப்போது வருவதில்லை. அர்ச்சகருக்கு ஒரு வேலை மிச்சம். (அவை நின்றதற்கு இந்த மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எல்லாப் புகழையும் ஒருவருக்கே கொடுப்பது நியாயமில்லை.)

நம் அரசாங்கங்களின் பொறுமையைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். பாறைக் கொல்வது இந்த மருந்துதான் என்று லிண்ட்சே ஓக்ஸும் கூட்டாளிகளும் பாகிஸ்தானில் செய்த ஆய்வு 2004 தொடக்கத்தில் நேச்சர் இதழில் வந்தது. இந்தியா 2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. இரண்டே ஆண்டில் இவ்வளவு வேகமா என்று நமக்கே கூச்சமாகிவிட்டது போலும். ஆகவே மனிதருக்கான டைக்ளோஃபினாக்கை 30 மில்லிக் குப்பியில் விற்பதை அப்படியே விட்டுவைத்தோம். மனிதருக்கு ஒரு வேளைக்குப் போடுவது 3 மில்லி. 30 மில்லி வேண்டிய மனிதன் எப்படி இருப்பான் என்று மருந்துக்கடையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நாலு கால், ஒரு வால், கழுத்தில் மணி என்று யோசித்திருந்தால் வியாபாரம் கெட்டிருக்கும்.

பெரிய குப்பிக்குத் தடை 2015-இல்தான் வந்தது. அப்போதும் மருந்துத் தயாரிப்பாளர்கள் மனித குலத்தின் நலன் கருதிச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2017-இல் நீதிமன்றம் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. உயர்ந்த நோக்கங்களுக்கு இந்த நாட்டில் எப்போதுமே மதிப்பில்லை.

அண்ணனைப் பூட்டினால் தம்பிக்குக் கடை வைத்துக் கொடுப்பது நம் குடும்பப் பண்பு. கீட்டோபுரோஃபென் வந்தது, அதுவும் பாறைக் கொல்லும். அசிகுளோஃபினாக் வந்தது, அது மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும், பூட்டிய அண்ணன் தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி. வங்கதேசம் அவசரப்பட்டு 2021-லேயே கீட்டோபுரோஃபெனை நாடு முழுக்கத் தடை செய்தது. நாம் நிதானமாக இரண்டையும் 2023 ஜூலைக் கடைசியில் தடை செய்தோம். அடுத்த தம்பி நிமிசுலைடைத் தடை செய்ய 2024 டிசம்பர் முடிய வேண்டியிருந்தது. ஃபுளூனிக்சின் வரிசையில் நிற்கிறது. யாரும் தள்ளுமுள்ளு செய்ய வேண்டாம், ஒவ்வொருவராக அழைப்பார்கள்.

தமிழ்நாடு இதில் முன்னோடி என்பதில் எனக்குப் பெருமை. 2015-லேயே நீலகிரி, கோவை, ஈரோடு ஆகிய மூன்று மாவட்டங்களில் மாட்டுக்குக் கீட்டோபுரோஃபென் போடக்கூடாது என்று நிறுத்தினார்கள். மாநிலத்தில் பாறு கூடு கட்டுவது மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டித்தானே. இரைதேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடிய பறவை, மாவட்ட எல்லைக் கல்லைப் பார்த்ததும் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையைத்தான் நான் இங்கே வணங்குகிறேன். அப்போது விழுப்புரத்தோடு இருந்த எங்கள் கள்ளக்குறிச்சி அந்தப் பட்டியலில் இல்லை. கல்வராயன் மலையில் காப்பாற்றப் பாறு இல்லாதபோது தடை எதற்கு? பாறு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டை மாற்றி வரும் புட்டிகளை எங்கள் ஊர் நன்றாக அறியும். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் மெத்தனால் கலந்ததைக் குடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆலைக்கென்று செய்த சரக்கு மனித வாய்க்கு எந்த வழியில் வந்தது என்று அப்போதே விசாரித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அதே மெத்தனால் எங்கள் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்துக்கும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் வழி கண்டுபிடித்து வந்தது. 60-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. ஆலைக்கு என்று எழுதியது கூலிக்காரரிடம் வந்தது. மனிதருக்கு என்று எழுதியது மாட்டிடம் போகிறது. லேபிளில் எழுதியிருப்பதைப் புட்டி படிக்காது என்பது கருணாபுரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மேலே இருப்பவர்களுக்கு மட்டும் லேபிள் மீது அசையாத நம்பிக்கை. ஒன்று சொல்ல வேண்டும்: கருணாபுரத்துக்கு அடுத்த நாளே கலெக்டரை மாற்றினார்கள், எஸ்.பி.யை இடைநீக்கம் செய்தார்கள். பாறு விழுந்ததற்கு யாருடைய மேசையும் ஒரு அங்குலம் நகர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதையும் ஒரு நிர்வாகத் திறமையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பாறு போனதால் நாட்டுக்கு வந்த நன்மைகளும் உண்டு. பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும் பிணம், இப்போது பல இடங்களில் நாள்கணக்கில் கிடந்து ஊருக்கே மணக்கிறது. தெருநாய்களுக்குத் தட்டுப்பாடில்லாத சாப்பாடு. அதனால் நாய் பெருக்கம். அதனால் வெறிநாய்க்கடி ஊசிக்கு அரசு மருத்துவமனையில் வரிசை. அனந்த் சுதர்சன், எயால் ஃபிராங்க் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2024-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாறுகள் அழிந்ததன் விளைவாக 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாக இறந்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் என்பது அவர்கள் மதிப்பீடு. பால் கணக்கு எழுதும் நோட்டில் இதற்கென்று ஒரு பத்தி இல்லாததால், லிட்டருக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

அப்புறம் மெலாக்சிகாம் என்று ஒன்று இருக்கிறது. பாறுக்கு ஒன்றும் செய்யாது என்பது 2006-லேயே சோதித்து நிரூபிக்கப்பட்டது. கடையில் கிடைக்கிறது, விலையும் கைக்கு அடக்கம். மாடும் எழுந்து நிற்கிறது. அதைத் தின்ற பாறும் அடுத்த நாள் பறக்கிறது. தடைசெய்ய வழியில்லை, கோர்ட்டுக்குப் போக வழியில்லை, வேறு பெயரில் திரும்பி வர வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. புகழ்வதற்கு இடமே கொடுக்காத மருந்து. அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.