கோடு போடாத பேருந்துத் தடம்

பேருந்துத் தடம் எனப்படுவது, சாலையின் ஒரு பகுதியைக் கோடு கிழித்துப் பேருந்துகளுக்கென ஒதுக்கி, பிற வண்டிகளைத் தள்ளி வைக்கும் ஏற்பாடாகும். அத்தடத்தின் தரையை ஓட்டுநர் சாய்வாகவே பார்க்க நேர்வதால், அங்கு எழுதப்படும் எழுத்துகள் நெட்டையாக இழுத்து எழுதப்படுகின்றன. டெல்லியில் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 2008இல் இத்தகைய தடம் திறக்கப்பட்டபோது, கார் உடையோரின் மனக்குறை உயர்நீதிமன்றம் வரை சென்றது. வழக்கில் தடம் வென்றதெனினும், 2016இல் அதை இடிக்கத் தொடங்கினர். தலைநகரில் கோடும் தீர்ப்பும் இருந்தும் நிலைக்காத ஒன்று, ஒரு சொட்டு வண்ணமும் செலவிடப்படாமல் பழனி மலைத்தொடரில் செழித்திருப்பதைப் போக்குவரத்து அறிஞர்கள் இன்னும் ஏறிவந்து காணாதது வியப்பே.

அம்மலைத்தொடரில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலை, மேஜர் லா என்பவரின் பெயரால் வழங்கப்படுவது. அது அமைவதற்கு முன் வெள்ளையர்கள் டோலியில் சுமக்கப்பட்டு மேலேறினர். சுமந்தவர்களுக்கும் எவரும் தடம் வரைந்து கொடுக்கவில்லை. கொண்டை ஊசி வளைவு, அதாவது சாலை தான் வந்த திசைக்கே மடங்கும் திருப்பம், இங்கு பேருந்தின் தனியாட்சிக்குரிய பகுதியாகும். வளைவில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் வழியே வராமல் உட்புறமாகக் குறுக்கிச் செல்வதால், நீண்ட வண்டி முதலில் வெளிவிளிம்பு வரை அகன்று, பின்னரே மடங்க வேண்டியுள்ளது. அவ்வேளையில், முந்தாதே என ஆணையிடும் நடுக்கோடு பேருந்தின் வயிற்றுக்கடியில் சென்று மறைகிறது. செம்முக்கோணப் பலகைகள் வளைவை அறிவிக்கின்றன என்றாலும், வளைவுக்கு அப்பாலிருந்து வரும் ஹாரன் ஒலிக்கே வண்டிகள் உண்மையில் கீழ்ப்படிகின்றன.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் வருவோர் உயர்நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் பெற வேண்டியுள்ளது. அதனுடன் சாலையும் தமக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதாக அவர்களுள் சிலர் எண்ணுவதுண்டு. அரசுப் பேருந்தில் வருவோருக்கு அந்தப் பாஸ் தேவையில்லை.

மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதலுரிமை, இறங்கும் வண்டியே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சாலை விதி. இறங்குவது பேருந்தாகவும் ஏறுவது சமவெளிக் காராகவும் அமையும்போது, விதியை நன்கறிந்த கார்காரரே பின்னோக்கி நகர்கிறார். அவருக்கு நடத்துநர் படியில் தொங்கியபடி, "வா, வா, இன்னும் வா" என்று, பயணச்சீட்டு ஏதும் கேளாமல், வழி சொல்லிக் கொடுக்கிறார்.