மாப்பிள்ளைப் பூனை

கேள்வி: எங்கள் பெர்ஷியன் பூனைக்கு 9 மாதம். நல்ல ஜோடி தேடுவது எப்படி?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் ஒரு வயது முடியட்டும், இப்போது அதுவே குட்டிதான். பிறகு ஜாதகம் வேண்டாம், ரத்தப் பொருத்தம் பாருங்கள். தாய் 'பி' வகை, தந்தை 'ஏ' வகை என்றால், பிறந்ததும் குடிக்கும் முதல் பாலே குட்டிகளின் உயிரைப் பறிக்கலாம். பெர்ஷியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோயும் உண்டு. இருவருக்கும் மரபணுச் சோதனை அவசியம். மாப்பிள்ளையின் கண்ணழகில் மயங்காமல் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். பூனை உலகில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். சொந்த இடத்தில்தான் ஆணுக்குத் தைரியம். சுமார் 65 நாளில் மூன்று நான்கு குட்டிகள் வரலாம். அத்தனைக்கும் நல்ல வீடு கிடைக்காது என்று தோன்றினால், கருத்தடை செய்துவிடுங்கள்.