நூறால் பெருக்கும் தம்பி

கெம்னிட்ஸ் ரயில் நிலையத்தில் அக்டோபர் பிறந்தால் அவனைப் பார்க்கலாம். இரண்டு பெட்டிகள், பெட்டிக்கு 23 கிலோ என்று விமான நிலையத்தில் பிரித்து மாற்றி அடைக்கப்பட்டவை. ஜனவரிக் குளிருக்கென்று வாங்கிய கோட்டுக்கு அவற்றில் இடம் கிடைக்காததால் அதை உடம்பிலேயே மாட்டியிருப்பான். ஊர்க்காரர்கள் அரைக்கைச் சட்டையில் ஐஸ்கிரீமைச் சப்பியபடி அவனைக் கடந்துபோவார்கள். வேர்த்து விறுவிறுத்து நிற்கும் அந்தத் தம்பி, ஜெர்மனியில் முதுகலை படிக்க வந்திருக்கிறான்.

பவானிக்காரனாக இருக்கலாம், விருதுநகர்க்காரனாகவும் இருக்கலாம். ஆட்டோமோட்டிவ் சாஃப்ட்வேர் படிப்பான். அல்லது அதற்கு அடுத்த வகுப்பறையில் இருப்பான். 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னையில் ஐ.ஐ.டி. தொடங்கியபோது பேராசிரியர்கள் அங்கிருந்து இங்கே வந்தார்கள். இப்போது பிள்ளைகள் இங்கிருந்து அங்கே போகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் சீனாவை முந்தி, ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் பிடித்தது இந்தியாதான். ஸ்டுட்கார்ட் பக்கம் போகாமல் கெம்னிட்ஸ் வந்ததற்கும் தம்பியிடம் கணக்கு உண்டு. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம். தம்பி அதை நூறால் பெருக்கிப் பார்த்தான். அன்றே கெம்னிட்ஸ் முடிவாகிவிட்டது.

பெருக்கல்தான் அவன் சுவாசம். யூரோவின் அன்றாட விலை எதுவாக இருந்தாலும், மனக்கணக்குக்கு வசதியாக நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டிருக்கிறான். மூன்று யூரோ காபி அவன் கண்ணில் முந்நூறு ரூபாய்க் காபி. குடிக்காமல் வந்துவிடுவான். நள்ளிரவில் ஈ காக்கை இல்லாத சாலையில் சிக்னலின் சிவப்பு மனிதன் எரிந்தால் ஜெர்மானியர் ஒழுக்கத்தால் நிற்கிறார். தம்பி நிற்பது அபராதம் ஐந்து யூரோ என்று கேள்விப்பட்டதால். டிக்கெட் இல்லாமல் டிராமில் பிடிபட்டால் 60 யூரோ. அதைப் பெருக்கிய நாளிலிருந்து, பையில் டிக்கெட் இருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான்.

இத்தனைக்கும் தம்பி ஏழையல்ல. விசாவுக்காக ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் போட்டுவைத்த 11,904 யூரோ அவன் பெயரில் தூங்குகிறது. மாதம் 992 யூரோவாகத்தான் எழுந்து வரும். அப்படி வர உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். பல வங்கிகள், நகராட்சியில் முகவரியைப் பதிந்த சான்றைக் கேட்கும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதியவேண்டும் என்பது சட்டம். பதிவதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். வீட்டுக்காரரோ, அட்வான்ஸை வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பு என்பார். இந்தச் சக்கரத்தில் எந்த இடத்தில் ஏறுவது என்று சீனியர் அண்ணனைக் கேட்டால், “டெர்மின் எடுத்தியாடா?” என்பார். டெர்மின் என்றால் முன்பதிவு நேரம். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் பாஸான ஜெர்மனில் தம்பிக்கு உண்மையாகவே பயன்பட்ட முதல் சொல் அதுதான். மற்றபடி அங்கே கற்ற ஜெர்மனும் கெம்னிட்ஸ் பேக்கரி அம்மாள் பேசுகிற ஜெர்மனும் தூரத்து உறவுகூட இல்லை.

நகராட்சியில் இன்னொரு ஆச்சரியம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அதிகாரி அந்தப் பெயருக்கு முன்னால் ‘ஹெர்’ சேர்த்து மரியாதையாக அழைக்க, தம்பி பின்னால் திரும்பிப் பார்ப்பான். அப்பா வந்துவிட்டாரோ! வாசல் தபால்பெட்டியில் பெயர் ஒட்டவில்லை என்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். வங்கி அட்டை ஒரு உறையிலும் அதன் ரகசிய எண் இன்னொரு உறையிலும் வரும் நாட்டில் அது விபரீதம். ஆகவே பவானியில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் பெயர், கெம்னிட்ஸ் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் ஒரு தகரப் பெட்டியில் ஒட்டப்பட்டுவிடுகிறது.

பெட்டிகளைத் திறக்கும் இரவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வருடம் முழுவதற்குமான பெருங்காயம். ஐரோப்பியச் சுங்கத்தின் சமையல் ஞானம் விசித்திரமானது. பால் பொருள் கூடாது. ஆக அம்மா உருக்கிய நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் குற்றப் பொருள்கள். ஆனால் கருவாடு 20 கிலோ வரை கொண்டுபோகலாம்! சான்றிதழ் இல்லாத கறிவேப்பிலை கூடாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் சான்றிதழே வேண்டாம். விதி எழுதியவர் தென்காசிப் பக்கம் பெண் எடுத்திருப்பாரோ என்றுகூடத் தோன்றும். கறிவேப்பிலை விஷயத்தில் அந்தச் சந்தேகம் அடிபட்டுப் போகிறது. தம்பி இதையெல்லாம் இறங்கிய பிறகே படிக்கிறான். கருவாட்டை வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்ததற்காக அன்றிரவு வருந்துகிறான்.

மறுநாள் சமையல் சாமான் வாங்கக் கிளம்புவான். அன்று அக்டோபர் 3, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான நாள். கடைகள் அடைப்பு. ஞாயிறுதோறும் இதே கதைதான் என்று அப்போதுதான் தெரியவரும். ரயில் நிலையக் கடையும் பெட்ரோல் பங்கும் மட்டும் திறந்திருக்கும். அங்கே விலை இரட்டிப்பு, பெருக்கலோ நான்கு இலக்கம். இருந்த ரவையில் உப்புமா கிளறலாம் என்று காய்ந்த மிளகாயைத் தாளித்தால் கூரையில் புகை உணரி அலறும். கட்டடப் பொறுப்பாளர் ஓடிவந்து, அடுப்பைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார். ஒரு நாளைக்குச் சில தடவை ஜன்னலை அகலத் திறந்து காற்று மாற்றவேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்பது ஜெர்மானியரின் குலதர்மம். வீடியோவில் அம்மா, “சன்னலச் சாத்து கண்ணு, சளி புடிச்சுக்கும்” என்பாள். இந்தப் பக்கம் பொறுப்பாளர், திற என்பார். இரு தரப்பையும் திருப்திப்படுத்த, தம்பி கைபேசியை ஜன்னலுக்கு முதுகு காட்டி வைக்கக் கற்றுக்கொள்கிறான்.

குப்பை விஷயத்தில் அவன் படும் பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பழுப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று தொட்டிகள், கண்ணாடிக்கு நிறவாரியாக வேறு. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போடக்கூடாது, சத்தம் வரும். ஆனால் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும் என்று தெரிந்த கணத்தில் அவன் முகம் மலரும். இதுவரை செலவைப் பெருக்கியவனுக்கு முதன்முறையாக வரவைப் பெருக்க வாய்ப்பு. பாட்டில் ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய்! அன்றிலிருந்து விருந்துகளில் கடைசியாகக் கிளம்புவது அவன்தான். கையில் பெரிய பை இருக்கும்.

ஊர் சுற்றிப் பார்த்ததற்குச் சாட்சி ஒன்றே ஒன்று: கார்ல் மார்க்ஸ் தலையின் முன் எடுத்த படம். 1971இல் திறக்கப்பட்ட, ஏழு மீட்டர் உயர வெண்கலத் தலை. ஊரின் பெயரே அப்போது கார்ல் மார்க்ஸ் ஸ்டாட். உடம்பு எங்கே என்று கேட்காத அம்மாக்கள் குறைவு. படத்தைப் பார்த்ததும் கட்சிக்காரப் பெரியப்பா மட்டும் உணர்ச்சிவசப்பட்டு, நள்ளிரவில் நீண்ட குரல்செய்தி அனுப்புவார். வங்கிக் கடன் வாங்கி, கார் கம்பெனி வேலைக்காகப் படிக்க வந்த தம்பி, தோழரே என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவான்.

படிப்பு? அதுவும் நடக்கிறது. முதல் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். நம் கல்லூரியில் அப்படித் தட்டினால் மறுநாள் பெற்றோரோடு வரவேண்டும். தம்பி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குச் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தான். பேராசிரியரோ மகிழ்ச்சியாகத் தலையசைத்துவிட்டுப் போனார். கைதட்டுக்குப் பதில் அது என்று பக்கத்துப் பையன் சொன்ன பிறகு, தம்பி தட்டும் தட்டில் பேனாக்கள் உருள்கின்றன.

மாதம் முடிவதற்குள் தபால்பெட்டியில் அப்பா பெயருக்கு ஒரு கடிதம். முகவரி பதிந்த தகவல் நகராட்சியிலிருந்து போய், பொது ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு வந்திருக்கிறது: மாதம் 18.36 யூரோ. சேர்ந்து குடியிருக்கும் வீடென்றால் ஒருவர் கட்டினால் போதும். அந்த ஒருவர் யார் என்பதில் சீனியர் அண்ணன்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

“டிவி பாக்கறயா?” என்றார் பவானியிலிருந்து அப்பா.

“டிவியே இல்லீங்கப்பா.”

“ரேடியோ?”

“அதும் இல்லீங்க. வூட்ல குடியிருந்தாலே கட்டோணுமாமுங்க.”

“யாரு பேருல வந்திருக்குது?”

“உங்க பேருலதானுங்க.”

“அப்பக் கட்டிப்போடு. அசலூர்ல பேரு கெட்டுப்போயிரப்படாது.”